ஏற்கெனவே வாங்கிய கரண்ட்

டெக்னீஷியன் ஜவாத்தின் கத்தரிக்கோல் பனியனை அடியிலிருந்து கழுத்துவரை ஒரே இழுப்பில் பிளந்துகொண்டு போனது. துணி ரத்தத்தில் ஊறிக் கனத்திருந்தது. வார்டிலிருந்து கீழே கொண்டுவரும் வழியிலேயே அய்வாஸ் இன்னொரு முறை வாந்தி எடுத்திருந்தார். நேற்றுவரை டீத்தூள் மாதிரி கறுப்பாக வந்தது. இன்று சிவப்பாகவே வந்தது.

"சீக்கிரம் ஜவாத்," என்றாள் டாக்டர் சோல்மாஸ். "பன்னெண்டு மணிக்குக் கரண்ட் போயிடும்."

"போனா போகட்டும்," என்று படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே முனகினார். "எங்க ஆபீஸ்காரனுங்க என்னிக்குச் சொன்ன நேரத்துக்கு வேலை செஞ்சிருக்கானுங்க? பன்னெண்டரைன்னு வெச்சுக்கோங்க டாக்டரம்மா."

அய்வாஸ் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரானின் அர்தபீல் நகரைச் சுற்றியிருக்கிற மலைக் கிராமங்களில் அவர் ஏறாத கம்பம் இல்லை. இப்போது இரைப்பையில் புற்று. கல்லீரலுக்கும் பரவிவிட்டது. வயிற்றைத் திறந்து அறுக்கிற கட்டத்தை நோய் தாண்டியிருந்தது. குழாய் விட்டு ரத்தம் கசியும் இடத்தை அடைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கையில் ஏற்றுகிற ரத்தமெல்லாம் வயிற்றுக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த இந்தக் கதிர் மெஷின். அது நோயைக் குணப்படுத்தாது. கசிகிற இடத்தைச் சுட்டு அடக்கும். அடங்கினால் சில வாரங்கள் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதங்கள். அடங்காவிட்டால் இந்த வாரத்தைத் தாண்டுவதே கஷ்டம். சோல்மாஸ் இதையெல்லாம் மகள் தர்லானிடம் நேற்றே மறைக்காமல் சொல்லிவிட்டாள். தர்லான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வருஷத்தோட கடைசி வியாழன்வரைக்கும் இருப்பாரா?"

வருஷத்தின் கடைசி வியாழக்கிழமை ஊரே கல்லறைக்குப் போகும் நாள். அதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. இருப்பார் என்று சோல்மாஸ் சொல்லவில்லை. "கரண்ட் வெச்சா இருக்க வாய்ப்பு உண்டு" என்றாள்.

கரண்ட் என்றுதான் அவளும் சொன்னாள். கதிர்வீச்சு என்றால் இந்த ஊரில் யாருக்கும் புரியாது. வயிற்றுப் புற்று நுழையாத தெரு இல்லை; 'அவருக்குக் கரண்ட் வெச்சாங்களாம்' என்ற பேச்சு காதில் விழாத வீடும் இல்லை.

பனி இறங்கியதிலிருந்து தினமும் மின்வெட்டு. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் விளக்குக்கும் மூச்சுக் கருவிகளுக்கும் போதும். இந்த மெஷினை இழுக்க அதற்குத் திராணி இல்லை. நாளை வெள்ளி, விடுமுறை. இன்றைக்கு விட்டால் சனிக்கிழமைதான். அதுவரை இந்த உடம்பில் ரத்தம் நிற்குமா என்பதைச் சோல்மாஸ் கணக்குப் போட விரும்பவில்லை.

ஈரத்துணியால் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த ஜவாத்தின் கை நின்றது.

"டாக்டர். இங்கே பாருங்க."

அவள் குனிந்தாள். நெஞ்செலும்புக்கு மேல் கடுகளவில் ஒரு நீலப் புள்ளி. நேற்று ஸ்கேன் எடுக்கும்போது அதைப் பார்த்திருந்தாள். மச்சம் என்று விட்டுவிட்டாள். நேற்று அவர் பைஜாமா நாடாவைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார். இன்று வாந்தியிலும் அவசரத்திலும் அது கீழே இறங்கியிருந்தது. தொப்புளுக்குக் கீழே இன்னொரு புள்ளி தெரிந்தது, அதே நீலம், அதே அளவு, மேலே இருந்ததற்கு நேர்கோட்டில். மூன்றாவது ஒன்று இடப்பக்கமாக விலகி, நாடாவுக்கு அடியில் பாதி மறைந்திருந்தது.

மச்சங்கள் ஸ்கேல் வைத்து வரிசையில் நிற்பதில்லை. இது ஊசியில் மை தொட்டுக் குத்தியது. மெஷினை ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நிறுத்துவதற்காக அவள் மாதிரி ஒருத்தியோ ஒருத்தனோ குத்தியது.

அவள் நாடாவைத் தொட்டாள். அய்வாஸின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஒரு டம்ளரைத் தூக்கத் தெம்பில்லாத கைக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அங்கே வேண்டாம் டாக்டரம்மா."

"இது என்ன அய்யா?"

"கம்பத்துல வாங்கினது. கரண்ட் கடிச்ச இடம்."

"கரண்ட் இப்படி வரிசையாக் கடிக்காது."

"நீங்க எத்தனை கம்பம் ஏறியிருக்கீங்க?" என்றார் அவர். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

சோல்மாஸுக்கு நேற்றைய பேச்சு நினைவுக்கு வந்தது. 'இதுக்கு முன்னாடி கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருக்கீங்களா?' என்று அவள் கேட்டாள். அதெல்லாம் தெரியாது என்று அவர் தலையை ஆட்டினார். சரி, நாளைக்குக் கரண்ட் வைக்கப்போறோம் என்றதும் அவர் சொன்னார்: 'அதை நான் ஏற்கெனவே வாங்கிட்டேன் டாக்டரம்மா.' லைன்மேன் ஆயிற்றே. ஜவாத் சிரித்தான், தர்லான் சிரித்தாள், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி காணாமல் போயிருந்தது.

அவள் வெளியே வந்தாள். யானைத் தோல் மாதிரி தடித்த கதவு பின்னால் மெதுவாக மூடியது. கண்ட்ரோல் ரூம் வாசலில் தர்லான் அப்பாவின் ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விரல்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எங்கே வெச்சீங்க?" என்றாள் சோல்மாஸ்.

"என்னது?"

"கரண்ட். உங்கப்பா வயித்துல ஏற்கெனவே யாரோ கரண்ட் வெச்சிருக்காங்க. அடையாளம் இருக்கு. எந்த ஆஸ்பத்திரி? தப்ரீஸா? வேற யாரோட காப்பீட்டு அட்டையிலயாவது கூட்டிட்டுப் போனீங்களா?"

"டாக்டர், சத்தியமா இல்ல. வியாதின்னு தெரிஞ்சே ரெண்டு மாசந்தான் ஆகுது."

"போன இலையுதிர் காலத்துல ஒருத்தர் வந்தார். அவர் பொண்டாட்டியும் இப்படித்தான் சத்தியம் பண்ணா. மச்சான் அட்டையில வேற ஊர்ல முழு அளவும் வெச்சுட்டு, அடங்கலைன்னதும் இங்கே வந்திருக்காங்க. சொன்னா சேர்த்துக்க மாட்டோம்னு மறைச்சுட்டாங்க. நான் அது மேலேயே வெச்சேன். இரைப்பைச் சுவர் தாங்கலை. ஓட்டை விழுந்துச்சு." சோல்மாஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "அதனால எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எப்போ? பத்து இருபது வருஷத்துக்கு முந்தின்னா இன்னிக்கு வைக்கலாம். இந்த ஒரு வருஷத்துக்குள்ளன்னா முடியாது. தெரியலைன்னாலும் முடியாது."

"நீங்க பார்த்தா தெரியாதா, பழசா புதுசான்னு?"

"பழசு மாதிரிதான் இருக்கு," என்றான் பின்னாலேயே வெளியே வந்திருந்த ஜவாத்.

"மாதிரியை நம்பி நான் சுட மாட்டேன்," என்றாள் சோல்மாஸ். "நீங்க பார்த்திருப்பீங்களே? சின்ன வயசுல, உங்கப்பா நெஞ்சுல?"

தர்லான் யோசித்தாள். முகம் வெளிறியது.

"அப்பாவைப் பனியன் இல்லாம நான் பார்த்ததே இல்ல. சரெய்ன் வெந்நீர் ஊற்றுக்குக் குடும்பத்தோட போவோம். எல்லா ஆம்பளைங்களும் குளிப்பாங்க. அவர் மட்டும் காருக்குள்ள உக்காந்து டீ குடிப்பார். கேட்டா, கரண்ட் பார்த்தவன் தண்ணியில இறங்க மாட்டான்னு சிரிப்பார்." சட்டென்று நிறுத்தினாள். "டாக்டர், போன கோடையில ஒரு வாரம் காணாமப் போனார். கல்கால்ல சிநேகிதன் வீட்டுக்குப் போறேன்னார். போனை எடுக்கவே இல்ல."

ஜவாத் மேஜையைப் பார்த்தான்.

சோல்மாஸ் கதவைத் திறந்தாள். இம்முறை தர்லானும் பின்னாலேயே வந்தாள். அய்வாஸ் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். யாரோ ஒரு போர்வையை இழுத்து அவர் கழுத்துவரை மூடியிருந்தார்கள். அவரே மூடிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

"அப்பா, கோடையில எங்கே போனே?"

"கல்காலுக்கு."

"பொய் சொல்லாதேப்பா. தப்ரீஸ்ல கரண்ட் வெச்சியா? எனக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு ஒளிச்சியா? எப்பன்னு சொன்னாத்தான் டாக்டர் மெஷினைப் போடுவாங்க."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். எதையோ எடை போடுகிற பார்வை.

"சொன்னா வருஷத்தை எழுதிப்பீங்களா? எதுக்கு வெச்சாங்க, எங்கே வெச்சாங்க, எல்லாத்தையும் இவ முன்னாடி கேப்பீங்களா?"

"கேட்டுத்தான் ஆகணும்," என்றாள் சோல்மாஸ்.

அவர் கண்ணை மூடினார்.

"கோடையிலதான். தப்ரீஸ்ல. இவ சொல்றது சரி."

"எத்தனை தடவை வெச்சாங்க?"

"நிறைய."

சோல்மாஸ் மூச்சை விட்டாள். அவள் பயந்தது இதற்குத்தான். "அப்ப முடியாது, அய்யா. ஜவாத், இறக்கு. வார்டுக்குக் கொண்டு போகலாம். வலிக்கு மருந்து போடலாம், தூங்க வைக்கலாம். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

"நல்லது," என்றார் அய்வாஸ். நிம்மதியாகச் சொன்னார். அந்த நிம்மதிதான் சோல்மாஸின் முதுகில் சில்லென்று ஏறியது. சாகப்போகிறவன் இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பிடிபடாமல் தப்பித்தவன் சொல்கிற குரலில் சொல்லிக் கேட்டதில்லை.

தர்லான் அழவில்லை. ஸ்வெட்டரைப் படுக்கையின் கால்மாட்டில் வைத்தாள்.

"உன்னை மன்னிக்க மாட்டேன்ப்பா," என்றாள். "கடைசி வியாழனுக்கு நீ இல்லாட்டி நசீப் மாமா கல்லறைக்கு நான் போக மாட்டேன். நீதானே வருஷா வருஷம் இழுத்துட்டுப் போவே. பனியா இருந்தாலும் விடமாட்டே. அந்த ஆளு முகத்தைக்கூட எனக்குத் தெரியாது. நீயில்லாம அந்தக் கல்லுகிட்ட எனக்கு என்ன வேலை?"

அய்வாஸ் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

நசீப் என்ற பேர் சோல்மாஸுக்கும் தெரியும். நேற்று இந்த வாசலில் உட்கார்ந்து தர்லான்தான் சொன்னாள். அப்பாவோடு கம்பம் ஏறிய ஆள். மிஷ்கின் பக்கம் ஒரு பனிக்காலத்தில், கரண்ட் நிறுத்திச் செத்திருக்க வேண்டிய லைனில் உயிர் இருந்தது, மேலேயே கருகிப்போனான். ஆண்டுதோறும் கடைசி வியாழன் அப்பா கறுப்பு ஹல்வா வாங்கிக்கொண்டு அவன் கல்லறைக்குப் போவார். பன்னீர் ஊற்றிக் கழுவுவார். இறந்தவருக்காக ஃபாத்திஹா ஓதும்போது கல்லை விரலால் தட்டுவது வழக்கம். அப்பா முதலில் தட்டமாட்டார். 'நீ தட்டு' என்று அவள் விரலைப் பிடித்துக் கல்மேல் வைப்பார். அம்மா குல்சார் உயிரோடு இருந்த காலத்திலும், குழந்தையிலிருந்தே அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்திருந்தாள்.

"வேலை இருக்கு," என்றார் அய்வாஸ். குரல் பிசிறியது. "நீ போகணும். போகாம இருக்கக் கூடாது."

"நீ கூட்டிட்டுப் போனா போறேன்."

சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஜவாத் படுக்கையை இறக்கும் பொத்தானில் விரலை வைத்தான்.

"இரு," என்றார் அய்வாஸ். "தர்லான், வெளியே போ. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"எனக்குத் தெரியாம என்ன பேச்சு?"

"ஆம்பளை சமாச்சாரம்."

"அதைப் பொம்பளை டாக்டர்கிட்டப் பேசுவியா?"

"போயேன் கண்ணு."

அவள் போனாள். ஜவாத்தும் போனான். "உள்சத்தத்தை நிறுத்திடு," என்று சோல்மாஸ் கதவருகில் அவனிடம் சொன்னாள்.

அறைக்குள் ஒரு மைக் எப்போதும் திறந்தே இருக்கும். நோயாளி மூச்சுவிடுவதுகூட வெளியே ஸ்பீக்கரில் கேட்கும். மெஷின் ஓடும்போது அந்தச் சத்தத்தை யாரும் குறைக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். மல்லாந்து கிடப்பவனுக்கு வாந்தி புரையேறினால் திரையில் தெரிவதற்கு முன் காதில்தான் தெரியும். இப்போது மெஷின் ஓடவில்லை. வெளியே ஜவாத் ஸ்பீக்கரின் திருகியை மூடினான். சுவரிலிருந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்தது.

"சொல்லுங்க அய்யா."

"உங்களுக்கு என்ன வயசு டாக்டரம்மா?"

"நாப்பத்தொண்ணு. எதுக்கு?"

"அப்ப நீங்க பிறக்கறதுக்கு முந்தியே எனக்கு வெச்சாச்சு. தெஹ்ரான்ல. ஈராக்கோட சண்டை நடந்துட்டிருந்த சமயம். கல்யாணம்கூட ஆகலை."

"தப்ரீஸ்?"

"எனக்கு எதுக்குங்க தப்ரீஸ்? கல்கால்ல சிநேகிதன் தேன் பெட்டி வெச்சிருக்கான். ஒரு வாரம் தேனைத் தின்னுட்டுக் கிடந்தேன். மலைக்கு அந்தப்பக்கம் போன் எடுக்காது."

"எதுக்குக் கரண்ட் வெச்சாங்க?"

அவர் விட்டத்துக்குப் பேசினார்.

"ஒரு கம்பத்துல ரெண்டு பீங்கான் இருக்கும். பார்த்திருப்பீங்க. அதுல ஒண்ணு கெட்டுப்போச்சு. கழட்டிட்டாங்க. அதோட வேரு வயித்துக்குள்ள ஏறிடக் கூடாதுன்னு மேலயும் வெச்சாங்க."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் பார்க்கலாமா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, நாடாவிலிருந்து கையை எடுத்தார்.

தழும்பு வெள்ளையாக, தோலோடு தோலாகக் கலந்துபோயிருந்தது. மூன்றாவது புள்ளி அதற்குப் பக்கத்தில் இருந்தது. விதைப்பைப் புற்றுக்கு அந்தக் காலத்தில் எப்படி வைப்பார்களோ அப்படி, முதுகெலும்பை ஒட்டி மேலேறி இடுப்பில் சாய்கிற கோடு. பொய்யாக இருக்க வழியே இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. வைக்கலாம்.

அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அன்றைக்கு அவரைக் காப்பாற்றிய கரண்ட் போகிற வழியில் இரைப்பையையும் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கும். தொட்ட இடத்தில் பல பத்தாண்டுகள் கழித்து இப்படி ஒன்று முளைப்பது உண்டு. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இதை மறைக்கவா சாகத் துணிஞ்சீங்க? இதுல என்ன வெட்கம்?"

"வெட்கம் இல்ல," என்றார் அவர். "அவ கணக்கு டீச்சர். வருஷத்தைச் சொன்னா எதுக்குன்னு கேப்பா. எதுக்குன்னு சொன்னா மிச்சத்தை அவளே போட்டுருவா."

"எந்த மிச்சம்?"

"பழசுன்னு மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா. வருஷம் வேண்டாம். எந்த ஊரு, எதுக்கு, ஒண்ணும் வேண்டாம். தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருந்தாங்க. ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள போயாச்சு. மூணாவது நானும் போயிட்டா முடிஞ்சுது."

சோல்மாஸ் வெளியே வந்தாள். தர்லான் அவள் முகத்தையே பார்த்தாள்.

"ரொம்பப் பழசு. வைக்கலாம்."

"எவ்வளவு பழசு?"

"வைக்கிற அளவுக்குப் பழசு."

"எதுக்கு வெச்சதாம்?"

"தர்லான், கரண்ட் போகப்போகுது. எனக்குப் பேச நேரமில்லை."

ஐந்து நாளாகப் பிரித்து வைக்க நினைத்திருந்ததை அவள் மாற்றினாள். இன்று ஒரே தடவை, அளவான அடி. முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. எண்களை மாற்றி, ஜவாத்தைச் சரிபார்க்கச் சொல்லி, மறுபடி தானே சரிபார்த்தாள். அய்வாஸைக் கொஞ்சம் தலை உயர்த்திப் படுக்க வைத்தார்கள். ஊதா மையில் புதுக் கோடுகள் போட்டார்கள். பழைய நீலப் புள்ளிகள் அவற்றுக்கு நடுவே, கண்காணிக்க வந்தவை மாதிரி உட்கார்ந்திருந்தன.

கதவு மூடியது. ஜவாத் திருகியைத் திறந்தான். பச்சை விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் அவர் மூச்சு கரகரத்தது.

"ஜவாத்து," என்றது ஸ்பீக்கர். "லைன் செத்துருச்சா?"

நேற்று ஸ்கேன் அறையிலேயே ஆரம்பித்த விளையாட்டு இது. கம்பம் ஏறுமுன் மேலே போகிறவன் கீழே நிற்பவனைக் கேட்கிற கேள்வி. ஜவாத் மைக்கில் குனிந்தான். "செத்துருச்சு மாமா. ஏறலாம். அசையாமக் கிடங்க."

"உன் பேச்சை நம்பி ஏறினவன் வீடு திரும்பினதா சரித்திரமே இல்ல."

"நான் இங்கேதானே நிக்கிறேன். வந்து உதைங்க."

தர்லானுக்கு இங்கே நிற்க அனுமதி கிடையாது. ஜவாத் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான், சோல்மாஸ் பார்க்காதது மாதிரி இருந்தாள். தர்லான் உட்காரவில்லை. திரையில் சாம்பல் நிறத்தில் தெரிந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சோல்மாஸ் சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் ரீங்கரிக்கத் தொடங்கியது.

முன்புறம் முடிந்தது. மெஷினின் தலை முனகிக்கொண்டே சுற்றிக் கீழே போனது. கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. விளக்கு ஒரு முறை மங்கி மறுபடி எரிந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். போகவில்லை.

"ஆபீஸ்காரனுங்க எனக்காகக் காத்திருக்கானுங்க," என்றது ஸ்பீக்கர்.

"பேசாதீங்க மாமா. இன்னும் ஒண்ணுதான்."

இரண்டாவது தொடங்கியது. சிவப்பு விளக்கு. ரீங்காரம்.

அதற்கு நடுவே இன்னொரு சத்தம். டொக். டொக். டொக். மெல்ல, நிதானமாக. சோல்மாஸ் மெஷினில்தான் ஏதோ என்று பதறித் திரையைப் பார்த்தாள். மெஷின் இல்லை. அய்வாஸின் வலது கை ஆள்காட்டி விரல், படுக்கையின் கெட்டியான பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. உடம்பு அசையவில்லை. விரல் மட்டும் அசைந்தது.

தர்லான் நிமிர்ந்தாள். அந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும்.

"நசீப்," என்றது ஸ்பீக்கர். முனகல்தான். ஆனால் அந்த மைக் முனகலைப் பிடிப்பதற்காகவே வைத்தது. "நசீப், கேக்குதா? இந்தத் தடவையும் தப்பிச்சுட்டேன்டா. டாக்டரம்மாகிட்டச் சொல்ல வேண்டியதாப்போச்சு. பாதிதான் சொன்னேன்."

சோல்மாஸின் கை தானாகத் திருகிக்குப் போனது. பாதி வழியில் நின்றது. அவர் மூச்சில் ஈரம் கரகரத்துக்கொண்டிருந்தது. எந்த நொடியும் புரையேறலாம். சத்தத்தை மூட முடியாது. மெஷினை நிறுத்தினால் மின்வெட்டு மறுபடி ஓட்ட விடாது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"தர்லான், நீங்க வெளியே போங்க," என்றாள்.

தர்லான் நகரவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், திருகியின் மேல் நின்ற டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் பிடி மாதிரியே இருந்தது.

"கரண்ட் வெச்சு அனுப்பறப்பவே தெஹ்ரான்ல சொல்லிட்டாங்கடா, உனக்குப் பிள்ளை பிறக்காதுன்னு. உனக்குத் தெரியும். உன்கிட்டத்தானே வந்து அழுதேன். அன்னிக்கு நீ என்ன சொன்னே, எனக்குப் பிறக்கிறது உனக்கும்தான்னு." டொக். டொக். "வாய்முகூர்த்தம்டா உனக்கு."

மூச்சு சிக்கியது. ஜவாத் பாதி எழுந்தான். மூச்சு மறுபடி ஓடியது.

"கடைசி வியாழன் கூட்டிட்டு வரேன். அவளையே முதல்ல தட்டச் சொல்றேன், எப்பவும் மாதிரி. என்ன கேட்டாலும் சொல்ல மாட்டேன். அப்பான்னு கூப்பிடறதைக் கேட்டுக்கிட்டே போயிடறேன்டா, அதை மட்டும் எனக்கு விட்டுக்கொடு." விரல் தட்டுவதை நிறுத்தியது. "கம்பத்துலேருந்து உன்னை நாங்க இறக்கினப்ப, உன் குல்சார் வயித்துல ஏழு மாசமா இருந்தவதான்டா வெளியே நிக்கிறா."